தீவின் மதுவும் மண்ணின் சாட்சியும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என நண்பர்கள் கேட்டபோது மதுவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ஒருவர் நகைத்தார், இன்னொருவர் முகம் சுளித்தார். பத்தாண்டு நிறைவு விழாவில் பாடத்தக்க பொருள் இதுவன்று என்பது அவர் கருத்து. ஆயினும் பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் கூட்டங்களில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட சங்கப் பாடல்களுள் ஒன்று மதுவைப் பற்றியதே என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்று 56ஆம் பாட்டையே சொல்கிறேன். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமிக்க மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்து சிறந்து வாழ்வாயாக என்பது அவ்வாழ்த்தின் சாரம். கடல்கடந்த வாணிகத்தின் பெருமையைப் பேச வேண்டிய மேடைகளிலெல்லாம் இப்பாட்டு வந்து நிற்கும். ஆனால் அந்த மது எந்த மண்ணில் விளைந்தது, யார் பிழிந்தது, எதில் அடைத்து வந்தது என்று கேட்டவர் நம்முள் அரியர். பழைய உரைகாரர் இங்கே கலம் என்பதற்குக் குப்பி எனப் பொருள் கொண்டார். குப்பி என்றதும் நம் கண்முன் தோன்றுவது கண்ணாடி. உண்மையில் வந்தது மண். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இந்த மண்ணைப் பற்றிப் பேசாமல் இருப்பது முறையன்று.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டிலேயே சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஓர் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவியபோது நீண்ட கைப்பிடியும் கழுத்துமாக உடைந்த ஒரு சாடியின் துண்டு அகப்பட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மது வைக்கும் ஆம்போரா என்னும் இருகைச் சாடியின் பகுதி அது என்று அவர் கைகள் உடனே உணர்ந்தன. எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு என்றார்கள். புதுச்சேரிக்கு விரைந்தவர், அங்கே நூலகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இத்தாலியின் அரிட்டைன் வகைச் செந்நிறக் கலத்தின் ஓடுகளைக் கண்டார். 1945இல் அகழாய்வு நடந்தது.

இதற்கு முன்னரே, 1937இல், பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அம்மேட்டின் சிறப்பை அறிந்து எழுதியிருந்தார். வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே தோண்டினர். ஆனால் பாடநூல்களில் நிலைத்தது வீலரின் பெயரும் அவர் தீட்டிய சித்திரமுமே. ஒரு மீனவச் சிற்றூரில் உரோமானியர் வந்திறங்கி வாணிக நிலையம் ஒன்றை நிறுவினர். அதனால் அவ்வூர் உயிர்பெற்றது என்பது அச்சித்திரம். இதற்குப் பின்னர் வருவோம். இப்போது அந்தச் சாடியைப் பார்ப்போம்.

அரிக்கமேட்டுச் சாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் ஆய்வு, பெக்லியும் பிறரும் தொகுத்து 1996இல் வெளிவந்த அரிக்கமேடு அகழாய்வு நூலில் இடம்பெற்றது. அத்துண்டுகளுள் மிகுதியானவை ஒரு தீவின் மதுவுக்கு உரியவை, அல்லது அத்தீவின் சாடியைப் பார்த்துச் செய்த போலிகள் என்று அவர் கண்டார். அத்தீவின் பெயர் கோஸ்.

துருக்கியின் தென்மேற்குக் கரையை ஒட்டி, ஈஜியன் கடலில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தீவு அது. மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிராட்டஸ் பிறந்த ஊர் என்று உலகம் அதை அறியும். கவிஞராகிய நாம் வேறொன்றையும் அறிந்திருத்தல் நலம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியப் புலவர்கள் தம் முன்னோடியாகப் போற்றிய பிலிட்டாஸ் அத்தீவினர். முல்லைநிலப் பாடல்களுக்கு ஒப்பான ஆயர் பாடல்களை இயற்றிய தியோக்ரிட்டஸ், தம் ஏழாம் பாட்டை அத்தீவின் அறுவடை விழாவில் நிகழ்வதாக அமைத்தார். நண்பர்கள் நடந்து செல்கிறார்கள், வழியில் பாடுகிறார்கள், முடிவில் ஒரு தோட்டத்து நிழலில் அமர, நான்காண்டு முத்திரையிட்டு வைத்த மதுச்சாடி திறக்கப்படுகிறது. நம் வட்டத்தின் கூட்டம் ஒன்றை ஒத்த காட்சி அது, சாடி ஒன்றைத் தவிர.

கோஸ் தீவின் மதுவுக்கு ஒரு தனி இயல்பு உண்டு: அதில் கடல்நீர் கலந்திருக்கும். இப்பழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதற்குப் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் ஒரு காரணம் சொல்கிறார். தீவில் ஓர் அடிமை, தான் ஒப்படைக்க வேண்டிய அளவு குறைந்துபோகவே, அதை நிரப்பக் கடல்நீரை ஊற்றினானாம். அந்தத் திருட்டே பின்னர் ஒரு சுவையாகி நிலைத்தது என்கிறார். கதை உண்மையோ அன்றோ, ஒரு தீவின் புகழ்மிக்க சரக்குக்கு ஒரு ஏழையின் அச்சம் மூலமாகக் காட்டப்படுவது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மிராசுதாரின் களத்தில் அளந்து கொட்டி, குறைந்தால் என்ன செய்வது என்று திகைத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள்.

கடல்நீர் கலப்பதால் மது கெடாமல் நெடுநாள் நிற்கும் என்று கருதப்பட்டது. எனவே நெடும்பயணத்துக்கு அது ஏற்றது. விலையும் மிகுதியன்று. இத்தாலியின் பலேர்னிய மதுவைப் போலச் செல்வர் மட்டும் அருந்துவதாக அது இருக்கவில்லை. படைவீரரும் மாலுமியரும் பருகும் பொதுச் சரக்கு. இதனை எண்ணும்போது சிறு குறும்பு ஒன்று மனத்தில் எழுகிறது. பாண்டியன் பொற்கலத்தில் பருகியதும் இவ்வகையானால், அது உரோமாபுரியின் கடைத்தெருவில் கூலியாள் வாங்கிக் குடித்த உப்புக்கரிக்கும் மதுவாகவே இருந்திருக்கும். தொலைவு எந்தச் சரக்குக்கும் மதிப்பைக் கூட்டிவிடுகிறது. நக்கீரர் பொய் சொல்லவில்லை. அயல்நாட்டுச் சரக்கின் மணத்தை அவர் நம் கரையிலிருந்து முகர்ந்தார்.

ஒருவன் சந்தையில் நின்று சாடி வாங்கும்போது, இது கோஸ் தீவின் மதுதான் என்று எவ்வாறு அறிவான்? உள்ளே இருப்பது தெரியாது. வாய் அடைத்து முத்திரையிட்டிருக்கும். சாடியின் வடிவமே அதன் பெயர்ப்பலகை. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு வடிவம். ரோட்ஸ் தீவின் சாடிக்கு முனை கூர்ந்து எழும் கைப்பிடி. அதன் ஒரு பிடியில் அவ்வாண்டின் சூரியக் கோயில் குருவின் பெயரும், மறுபிடியில் செய்தவர் பெயரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். செய்தவர் பெயர்களுள் பெண்களின் பெயர்களும் உண்டு. கோஸ் சாடியின் அடையாளம் இரட்டைத் தண்டுக் கைப்பிடி. உருட்டிய இரண்டு மண் தண்டுகளை அருகருகே ஒட்டிக் கழுத்திலிருந்து தோளுக்கு வளைத்திருப்பார்கள். சிலவற்றில் தனியொரு பெயர் பதிந்திருக்கும். அதனுடன் தீவின் நாணயத்தில் உள்ள நண்டோ தடியோ இருப்பதும் உண்டு. அப்பெயர்கள் அரசருடையனவோ தளபதிகளுடையனவோ அல்ல. சிறு சூளை வைத்துப் பிழைத்த குடும்பத்தாருடையவை.

அக்கைப்பிடியின் படத்தை நம் ஊர்ச் சூளையொன்றில் வேலை செய்யும் நண்பரிடம் காட்டினேன். மது, தீவு, உரோம் எதையும் நான் சொல்லவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஒரே தடிமனாப் பிடிச்சா உள்ள ஈரம் நின்னு சூளையில வெடிச்சிடும். ரெண்டா மெலிசாப் பிடிச்சா சீராக் காயும். அவன் தொழில் தெரிஞ்சவன் சார்” என்றார். வடிவத்தின் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் இக்காரணத்தை ஏற்பார்களோ, அறியேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தொழில் தெரிந்தவன் என்று ஈராயிரம் ஆண்டு கழித்து இன்னொரு தொழிலாளி சொல்வதினும் பெரிய பட்டயம் அந்தத் தீவுக் குயவனுக்கு வேண்டுவதில்லை.

நல்ல பெயர் பெற்ற சரக்குக்குப் போலி தோன்றாமல் இராது. கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த உரோமானியர் கேட்டோ, தம் வேளாண்மை நூலில், இத்தாலியிலேயே கோஸ் மதுவைச் செய்வதற்கு முறை சொல்கிறார். அறுவடைக்கு எழுபது நாள் முன்னதாக, நன்னீர் கலவாத ஆழ்கடலிலிருந்து, காற்றற்ற அமைதியான நாளில் நீர் முகந்துவர வேண்டும். அதைச் சாடியில் தெளியவிட்டு, முப்பது நாள் கழித்து வண்டல் கலங்காமல் வேறு சாடிக்கு மாற்ற வேண்டும். இருபது நாள் கழித்து மீண்டும் மாற்ற வேண்டும். திராட்சையை வெயிலில் இரண்டு மூன்று நாள் வாட்டிப் பின், ஐம்பது அளவு கொள்ளும் பெருஞ்சாடியில் பத்தளவு பழங்கடல்நீர் சேர்க்க வேண்டும். கூறும் முறையில் நாணமோ மறைப்போ சிறிதும் இல்லை. ஊறுகாய் போடச் சொல்லித் தரும் பாட்டியின் குரலே அங்கே கேட்கிறது.

மது போலியாயின் சாடியும் போலியாக வேண்டுமன்றோ? இத்தாலியின் காம்பேனியப் பகுதிக் குயவர் இரட்டைத் தண்டுக் கைப்பிடியை அப்படியே செய்தனர். டிரெசல் என்னும் அறிஞர் வகுத்த வரிசைப்படி, டிரெசல் 2-4 வகை என்று இன்று குறிக்கப்படும் சாடி அது. வடிவத்தில் ஏமாற்றியவர்களை மண் காட்டிக்கொடுத்துவிட்டது. நேப்பிள்ஸ் வளைகுடாவில் செய்த சாடிகளில் வெசூவியஸ் எரிமலையின் கரிய மணல் மின்னும். அந்தக் கருமணல் ஓடுகள் அரிக்கமேட்டிலும், கேரளத்தில் 2007 முதல் அகழப்பட்டு முசிறி எனப் பலர் கருதும் பட்டணத்திலும் கிடைத்துள்ளன. ஆகவே நம் கரைக்குத் தீவின் மதுவும் வந்தது, தீவின் பெயரில் பிற நாட்டு மதுவும் வந்தது.

வந்த வழியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் இறங்கிய சாடிகள் நைல் ஆற்றில் எதிரேறிக் கோப்டோஸ் சென்றன. அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பன்னிரண்டு நாள் பாலைவழி பெரனிகே துறைமுகம் வரை. இப்பாதைகளில் சுமை ஏற்றி விட்ட நிக்கானோர் என்பவரின் குடும்பம், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டுகள் ஓட்டுச் சில்லுகளில் எழுதியவையாக இன்றும் உள்ளன. தந்தை, மக்கள் எனத் தொடர்ந்த குடும்பத் தொழில். பிழிந்தவரும் குடும்பம், சாடி வனைந்தவரும் குடும்பம், சுமந்தவரும் குடும்பம். பேரரசு என்று நாம் சொல்வது இவர்கள்மீது விதித்த சுங்கத்தையே போலும். பின் தென்மேற்குப் பருவக்காற்று. செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்கிறார் பிளினி.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட செங்கடல் செலவு நூல், முசிறியில் இறக்குமதியாகும் பொருள்களுள் மதுவையும் சேர்த்து, அளவு மிகுதியன்று எனக் குறிப்பிடுகிறது. கிழக்குக் கரைத் துறைகளுள் பொதுகே என்று ஒன்றைச் சொல்கிறது. அதனை அரிக்கமேட்டுப் பகுதியாகக் கொள்வர். தமிழ்நாட்டின் மேற்குக் கரைக்காகச் செய்யப்பட்ட பொருள்கள் அங்கும் சென்றன என்பது அந்நூலின் செய்தி.

நம் நாட்டிலும் மது இல்லாமலா இருந்தது? மூங்கிற் குழாயில் தேனை விளைவித்துக் குறவர் அருந்திய தேறலும், வீட்டிலேயே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளும் ஆற்றுப்படைகளில் மணக்கின்றன. யானைக் கொம்பு கொடுத்து நறவு கொள்ளும் வணிகமும் அகப்பாடல்களில் உண்டு. அதியமான் இறந்தபோது ஔவையார் முதலில் நினைவுகூர்ந்தது, கள் சிறிதளவே கிடைத்தால் அவன் அதைத் தனக்கே தந்துவிடுவான் என்பதை. அந்தக் கள் எந்தத் தீவிலிருந்தும் வந்ததன்று. பாண்டியனின் பொற்கலத்து மதுவைவிட அதியமானின் சிறுகலத்துக் கள்ளே என் மனத்துக்கு நெருக்கமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி வீலரின் சித்திரத்துக்கு வருவோம். அரிக்கமேட்டில் ஒருவகைத் தட்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. மென்மையான சாம்பல்நிற மண். மேலே வழவழப்பான கருமை. உட்புற அடியில் சிறுசிறு கீற்றுகள் வட்டவட்டமாக ஓடும். ரூலெட்டட் மட்கலம் என்பர். இத்தனை நேர்த்தியானது மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று வீலர் முடிவு செய்தார். சாடி அங்கிருந்து வந்தது உண்மையாதலால் தட்டும் வந்திருக்கும் என்ற நினைப்பு. பல்லாண்டுகள் அதுவே பாடமாயிற்று. பெக்லி முதலியோர் இதை மறுத்தனர். பின்னர் மண்ணையே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது அது இந்திய மண் என்று தெளிவாயிற்று. 1990களில் கோக்தே என்னும் அறிஞர் எக்ஸ்-கதிர் ஆய்வின் மூலம் அதனை வங்கத்துக் கங்கைக் கழிமுகப் பகுதியோடு பொருத்தினார். எந்த ஊர்க் களிமண் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்நாட்டுக் குயவர் கைப்பணி என்பதில் இன்று ஐயமில்லை. அதுபோலவே, யவனர் வருமுன்னரே அங்கு ஊரும் தொழிலும் இருந்தன என்பதும், வில் காட்டியபடி சாடிகளுட் சில வீலர் கருதிய காலத்துக்கு முற்பட்டவை, அகஸ்டசின் ஆட்சிக்கும் முன்னவை என்பதும் பின்னர்த் தெரியவந்தன.

மற்றொரு திருத்தமும் நேர்ந்தது; அது நம் பெருமைக்கு எதிர்ப்பக்கமானது. இந்தியாவின் பல களங்களில் உரோமானியச் சாடி என்று பெயரிட்டு வைத்த துண்டுகளுள் பல, மெசப்பொத்தேமியப் பகுதியின் கைப்பிடியற்ற நீள்சாடிகள் என ரோபர்ட்டா டோம்பர் 2007 அளவில் காட்டினார். யவனர் பெயரைக் கேட்டதும் எல்லா ஓட்டையும் அவர்களுக்கே எழுதிவைக்கும் பழக்கம் வெள்ளையர்க்கு மட்டும் உரியதன்று.

அரிக்கமேட்டிலும் காஞ்சிபுரத்திலும் வேறொரு சாடியும் கிடைக்கிறது. அடி கூம்பிக் குறுகும், கைப்பிடி இராது, உள்ளூர்ச் செம்மண். ஆம்போராவைப் பார்த்து நம் குயவர் செய்தது என்று சிலரும், நம் தேவைக்கு நாமே கண்ட வடிவம் என்று சிலரும் கூறுவர். எனக்கு முதற் கருத்தே பொருந்துவதாகத் தோன்றுகிறது. கோஸ் சாடியைக் காம்பேனியக் குயவன் பார்த்துச் செய்தான். அவன் சாடியையும் பார்த்த நம் குயவன், தனக்கு வேண்டாத கைப்பிடியை விட்டுவிட்டு வேண்டிய கூம்படியை மட்டும் எடுத்துக்கொண்டான். இதில் இழிவொன்றுமில்லை. நம்முள் யாப்பை எங்கிருந்தும் பெறாமல் பாட்டெழுதியவர் யார்?

நம் ஊர்த் தலமான திருமுதுகுன்றத்தின் கதை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பழமலைநாதர் தந்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பதை எல்லாரும் அறிவோம். பலர் மறந்துவிடுவது, ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து மச்சமாக ஒரு துணுக்கை வெட்டி அவர் கையோடு வைத்துக்கொண்டதை. அங்கே எடுத்த பொன் இதே பொன்தானா என்று உரைத்துப் பார்க்க அந்தத் துணுக்கு வேண்டியிருந்தது. உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்கிறது புராணம். நெடுந்தூரம் சென்ற சரக்கின் தரத்தை எவ்வாறு அறிவது என்ற கேள்வி அடியார்க்கும் இருந்திருக்கிறது. கடலில் இட்டு நம் கரையில் எடுத்த மதுவுக்கு மச்சமாக மிஞ்சியவை அந்த இரட்டைத் தண்டுக் கைப்பிடிகள். உரைகல் மண் ஆய்வு.

நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண் நம் ஊருக்கு வந்து அகல்விளக்காகவும் பொம்மையாகவும் மின்கம்பிக்கான பீங்கான் உறுப்பாகவும் ஆகி எங்கெங்கோ போகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வனைந்தவர் பெயர் இராது. இதை நான் சூளை நண்பரிடம் சொன்னபோது, பெயர் போட்டால் உடைந்ததற்கெல்லாம் கேட்பார்கள் என்று சிரித்தார்.

போன சாடிகளும் உண்டு, திரும்பி வந்தவை மட்டுமல்ல. பெரனிகேயில் கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மிளகு அப்படியே கிடைத்தது. செங்கடலின் மற்றொரு துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில், கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. 2007இல் செய்தியாக வந்த அவ்வெழுத்தை ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று படித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். சாடியின் இரு பக்கத்திலும் ஒரே சொல்லை ஒருவர் கீறியிருக்கிறார். அவர் தம் பெயரை எழுதவில்லை. பானையின் பெயரை எழுதினார்.